சக்கரத்துக்குச் சுழி பாருடா கண்ணு

வாடா கண்ணு, உக்காரு. அந்தப் பலகையில வேண்டாம், உன்ற சக்கரப் பெட்டி ரெண்டு அதுமேல குடியிருக்குது. மீதி ரெண்டு என்ற கட்டலுக்கு அடியில. ராத்திரி எந்திரிச்சுக் காலைக் கீழ வெச்சா முழங்காலு போயி நங்குன்னு இடிக்குது. மூட்டு வாதம்னு நெனச்சு உன்ற அம்மா எண்ணெ காச்சிக் குடுத்துட்டு இருக்கறா. வாதமில்ல சாமி, பதினேழு இஞ்சு அலாய்.

நேத்துப் பொழுதோட போன்ல எழுதிப் போட்டதை எனக்கும் படிச்சுக் காட்டினயல்லோ. 'ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத, பெர்ஃபாமன்ஸ் கார்களுக்கான அட்டகாசமான அலாய் வீல்கள். மனசே இல்லாமல் விற்கிறேன். வாங்கிய விலைக்கே. பேரம் கிடையாது.' நெம்ப நல்லா எழுதியிருக்கே. எழவு சொல்ல வர்றவன்கூட இத்தினி உருக்கமாச் சொல்ல மாட்டான். படிக்கறவன் கண்ணைத் தொடச்சுக்குவான், அப்பறம் அக்கட்டாலே போயிருவான். வாங்க மாட்டான். ஏன்னா அது எந்தக் காருல மாட்டும்னு அந்த எழுத்துல ஒரு எழுத்து இல்ல.

நீ வாங்கின கதையும் ஊருக்கே தெரியும். போலோ வெச்சிருந்தே. சக்கரம் வந்து எறங்குன வாரத்துலயே உன்ற அய்யன், பனியன் கம்பெனிப் பவர் டேபிளுக்கு ஆள் ஏத்தறதுக்குப் பெரிய வண்டி வேணும்னு போலோவை வித்துட்டு இன்னோவாவைக் கொண்டாந்து நிறுத்திட்டான். நீ அந்தச் சக்கரத்தை இன்னோவாகிட்ட உருட்டிட்டுப் போயி வெச்சுப் பாத்தே பாரு, அதை நானு திண்ணையில இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். ஓட்டை ஓட்டையாப் பாத்துட்டுப் பூனையாட்டம் திரும்பி வந்தே. அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சரி, போச்சாது.

இப்ப அந்தப் பெட்டியில இருந்து ஒண்ணை எடு. பெட்டி டேப்பு ஏன் அறுந்திருக்குதுங்கறயா? எலியா இருக்கும். கீழ அந்தக் கட்டிங் வேஸ்ட்டை விரிச்சு, மூஞ்சி கீழ இருக்கறாப்ல கவுத்து. மூஞ்சியைப் பாத்துத்தான் நீ வாங்குனே, இனி முதுகைப் பாரு. கண்ணபுரத்துத் தேர்ச் சந்தையில காங்கேயங் காளைக்கு முன்னால நிக்கற கூட்டத்துல முக்காவாசி கொம்பையும் திமிலையும் பாத்துட்டு நிக்கும். வாங்கறதுக்குன்னு வந்தவன் மட்டும் குனிஞ்சு சுழி பாப்பான். உன்ற சக்கரத்துக்குச் சுழி முதுகுலதான் இருக்குது. டார்ச்சை அடி.

என்ன போட்டிருக்குது? 17 பெருக்கல் 7.5 ஜே. பதினேழு இஞ்சு விட்டம், ஏழரை இஞ்சு அகலம். இது எல்லாருக்கும் தெரியும். அடுத்தது, 5 பெருக்கல் 100. அதுதான் சங்கதி. அஞ்சு ஓட்டை. அஞ்சோட நடு மையத்தையும் தொட்டு ஒரு வட்டம் போட்டா அந்த வட்டத்தோட குறுக்களவு 100 மில்லிமீட்டர். பிசிடின்னு சொல்றது இதைத்தான். போலோ, வெண்டோ, ரேபிட், இப்ப வர்ற டைகுன், விர்டஸ், குஷாக், ஸ்லேவியா, இதுக எல்லாம் இந்த அளவுதான். ஸ்விஃப்ட்டுக்கும் நூறுதான், ஆனா நாலே ஓட்டை. உன்ற அய்யனோட இன்னோவா கிரிஸ்டாவுக்கு அஞ்சு ஓட்டை, ஆனா 114.3. வெரக்கடை அகலங்கூட வித்தியாசம் இல்ல. அதுக்காகச் சுத்தியல்ல தட்டி ஏத்தற சாமானமா இது?

'பெர்ஃபாமன்ஸ் கார்களுக்கான'ன்னு எழுதினயே, அதை நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வருது. 2025 அக்டோபர்ல ஸ்கோடாக்காரன் ஆக்டேவியா ஆர்எஸ்னு ஒண்ணை இந்தியா முச்சூடுக்கும் நூறே நூறு கார் கொண்டாந்தான். ஒண்ணோட ஷோரூம் வெல அம்பது லட்சத்துக்கு ஆயிரம் ரூபா கொறச்சல். அந்த நூறு பேரும் ஒட்டுக்காக் கெளம்பிப் பொங்கலூர் வந்து என்ற கட்டலுக்கு அடியில குனிஞ்சாலும் உன்ற சக்கரம் அவியளுக்கு ஆகாது. அது 112, உன்றது 100. அதுபோக அவன் 19 இஞ்சு சக்கரத்தோடயே வந்துட்டான். பெரிய காருக்காரனைப் பாத்துக் கூவாதே. போலோவைக் கம்பெனிக்காரனே 2022ல நிறுத்திட்டான். இப்ப அதை வெச்சிருக்கறவன் எவனும் சும்மா வெச்சிருக்கல, விக்க மனசு வராம வெச்சிருக்கறான். அதுலயும் ஜிடி டிஎஸ்ஐ வெச்சிருக்கறவன் காரை வூட்டுக்குள்ள படுக்க வெக்காததுதான் பாக்கி. அவன்தான் உன்ற பையர். மொத வரியிலயே 'போலோ, வெண்டோ, ரேபிட்டுக்கு, 5 பெருக்கல் 100'ன்னு எழுது. மனசு கினசு எல்லாம் அடிச்சு வுட்டுரு.

இன்னும் டார்ச்சை அணைக்காதே. ஈடி 38னு இருக்குதல்லோ? சக்கரத்தோட அகலத்துல சரிபாதியில ஒரு கோடு போட்டா, காரோட ஒட்டற முகம் அந்தக் கோட்டுல இருந்து எத்தனை மில்லி வெளிப்பக்கமாத் தள்ளி இருக்குதுங்கற கணக்கு அது. ஈடி கொறையக் கொறையச் சக்கரம் வெளிய துருத்தும். துருத்தினா மட்கார்டுல ஒரசும், போலீஸ்காரன் கண்ணுலயும் ஒரசும். இதைச் சொல்லாம வித்தயின்னா வாங்கறவன் மாட்டிப் பாத்துட்டு மூணாம் நாளு திருப்பிக் கொண்டாந்து என்ற கட்டலுக்கு அடியிலயே தள்ளிருவான்.

நடு ஓட்டை பெருசா இருக்குது பாத்தயா, 73.1னு போட்டிருக்குது. போலோவோட அச்சு மூக்கு 57.1தான். நடுவுல ஒரு வளையம் போடோணும், ஹப் ரிங்கு. அது இல்லாம மாட்டினா சக்கரம் நடுவுல ஒக்காராது, எம்பதைத் தாண்டறப்ப ஸ்டியரிங் ஆடும். நாலு வளையம் அந்தச் சின்னப் பையில இருந்ததல்லோ? உன்ற தங்கச்சி அதை வளையல்னு எடுத்துட்டுப் போயி வெளையாடினாளே, தேடி வை.

போல்ட்டுச் சமாச்சாரம் அதைவிட முக்கியம், இதுல வெளையாட்டு வேண்டாம். ஃபோக்ஸ்வேகன்காரன் குடுக்கற போல்ட்டோட கழுத்து உருண்டையா இருக்கும். நீ வாங்கியிருக்கற மாதிரிக் கடைச் சக்கரத்துல பெரும்பாலும் ஓட்டைச் சரிவு கூம்பா இருக்கும். கூம்புல உருண்டை ஒக்காந்தா முறுக்கறப்ப இறுகினாப்ல தெரியும், ஓட ஓட லூசாகும். பைபாஸ்ல சக்கரம் தனியாவும் காரு தனியாவும் போகும். வாங்கறவன்கிட்ட போல்ட்டையும் சேத்துக் குடு, இல்லைன்னா கூம்புப் போல்ட்டுத்தான் போடோணும்னு எழுதியே குடு. காசு வாங்கறதோட முடியறதுக்கு இது கத்திரிக்கா யாவாரமில்ல, இதுமேல நாலு பேரு ஏறி ஒக்காருவாங்க.

'ஓடாத சக்கரம்'ங்கறே. நம்பறேன், நானு உன்ற அப்பாருங்கறதால நம்பறேன். வாங்கறவன் எதுக்கு நம்போணும்? அதுக்குச் சாட்சி சக்கரத்துலயே இருக்குது. போல்ட்டு ஒக்கார்ற சரிவைக் கிட்டக்க எடுத்துக் காட்டு. ஒருதரம் முறுக்கினாக்கூட அந்தப் பெயிண்டு வட்டமாத் தேஞ்சிருக்கும். அச்சோட ஒட்டற முகத்தைக் காட்டு, அங்க துருக்கறை இருக்கக் கூடாது. டயரோட ஒதடு ஒக்கார்ற வரப்பைக் காட்டு, அங்க கருப்பா ரப்பர்த் தடம் இருந்தா எவனோ டயர் மாட்டிக் கழட்டியிருக்கறான்னு அர்த்தம். இந்த மூணு படமும் வேணும். நீ போட்டிருக்கற படமோ, செவந்த வெய்யிலுல மொட்டை மாடியில சக்கரத்துக்குப் பக்கத்துல நீ கருப்புக் கண்ணாடி போட்டுட்டு நிக்கறே. பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு வேணா அதை அனுப்பு.

அடுத்தது எடை. கம்பெனியில துணி ரோல் போடற எலெக்ட்ரானிக் தராசு சும்மாத்தான கெடக்குது, அதுல வை. 9.8 கிலோ. சரி. இதை எழுதறதுக்கு உனக்கு வெக்கமா இருக்குமுன்னு தெரியும், ஏன்னா நீ எழுதியிருக்கறது 'டிஇ37'ன்னு. ரேஸ்னு ஒரு ஜப்பான் கம்பெனி 1996ல வோல்க் ரேசிங்ங்கற பேருல கொண்டாந்த ஆறு கம்பிச் சக்கரம் அது. 15 இஞ்சு, 6 ஜே அளவுல அதோட எடை 3.7 கிலோ, அந்த முப்பத்தேழுதான் பேருல நிக்குது. காச்சின அலுமினியக் கட்டியை ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்துல அடிச்சு உருவாக்கறது, ஃபோர்ஜிங். உன்றது உருக்கி அச்சுல ஊத்தினது. அது பதினஞ்சு, இது பதினேழு, நேருக்கு நேரு வெச்சுப் பாக்கறது தப்புத்தான். இருந்தாலும் ஆறு கம்பி இருக்கறதெல்லாம் டிஇ37 ஆயிருமா? காதர்பேட்டையில முதலையைத் தெச்சு வெச்சா அந்தப் பனியனைப் பாரீஸ்ல இருந்து வந்ததுன்னு நீ வாங்குவயா? எந்த மெஷின்ல தெச்சான்னு தையலைப் பாத்தே சொல்லிருவே. வாங்கறவனும் அப்படித்தான். 'அந்த டிசைன்ல வந்த வார்ப்புச் சக்கரம்'னு நீயே மொதல்ல சொல்லிப்போடு. வெல எறங்கும். ஆனா பேச்சு நிக்கும்.

ஜேடபிள்யூஎல், விஐஏன்னு ரெண்டு முத்திரை வார்ப்புலயே இருக்குது, அதைப் படம் புடி. மொதலாவது ஜப்பான்காரனோட சக்கரத் தரம். ரெண்டாவது, அதைத் தனியா ஒரு சோதனைக்கூடத்துல சரிபாத்துப் பதிஞ்சிருக்குதுங்கறதுக்கு அடையாளம். சில பேரு சோதனையும் இல்லாம சாதனையும் இல்லாம அந்த எழுத்தையும் சேத்தே வார்த்துடறாங்கறதும் நெசம். அதனால பில்லு முக்கியம். பில்லு எங்க? ஏண்டா, எல்ஐசிப் பத்திரத்தோட ஏன் வெச்சே?

டிஇ37ங்கற பேரைச் சொன்னதுல இன்னொரு பேரு ஞாபகம் வருது. பிபிஎஸ்னு ஜெர்மன் சக்கரம் இருக்குதல்லோ, நீ வாயைப் பொளந்துட்டுப் பாப்பயே. பவும்கார்ட்னர், பிராண்டுன்னு ரெண்டு பேரு 1970ல ஆரம்பிச்சது. மூணாவது எழுத்து ஷில்டாக், அவிய ஊரு. நம்ம ஆளுக பேருக்கு முன்னால ஊரைப் போட்டுக்கறாப்ல அவிய பேருக்குப் பின்னால போட்டுக்கிட்டாங்க. அப்பேர்ப்பட்ட கம்பெனியே பல தடவை திவாலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்குது. சக்கரத்துல காசு பண்றது அத்தனை லேசு இல்லைன்னு உனக்கு இப்பவாச்சும் தெரியட்டும்.

எடையை எழுதச் சொன்னது இன்னொண்ணுக்கும் சேத்துத்தான். பல்லடத்துக்கு அக்கட்ட, செட்டிபாளையத்துல ரேஸ் ரோடு இருக்குதல்லோ, கரி மோட்டார் ஸ்பீட்வே. கோயமுத்தூர்க்காரரு கரிவரதன் பேருல இருக்கறது. மாருதி 800 இஞ்சினைப் போட்டு ஒத்தை ஆளு ஓட்டற ரேஸ் காரு கட்டின மனுசன், 1995ல ஆகாய விமான விபத்துல போயிட்டாரு. அதே கோயமுத்தூர் மண்ணுல இருந்துதான் நரேன் கார்த்திகேயன் 2005ல ஜோர்டான் டீமுல பார்முலா ஒன்னுக்குப் போனாரு, இந்தியாவுல இருந்து மொத ஆளு. அந்தப் பக்கம் சுத்தற பசங்க சக்கரத்தோட பளபளப்பைக் கேக்க மாட்டாங்க. மொதல் கேள்வியே 'எத்தனை கிலோ?'தான். சக்கரத்தோட எடை ஸ்பிரிங்குக்குக் கீழ இருக்கற எடை, அது எச்சானா வண்டி பள்ளத்துல எறங்கி ஏற நேரமாகும், பிரேக்கும் சொணங்கும். உன்ற 9.8 கிலோவைக் கேட்டா அவிய சிரிச்சுட்டுப் போயிருவாங்க. அங்க போகாதே. உனக்கு வேண்டியது ஞாயித்துக்கெழம காரைக் கழுவி வாசல்ல நிறுத்தி அழகு பாக்கற ஆளு.

டயர் பத்தியும் அவன்கிட்ட ஒளிக்காதே. 16 இஞ்சுக்கு 195/55 போட்டிருந்தா பக்கச் சுவர் 107 மில்லி. 17க்கு 205/45 போட்டா 92. வெளி வட்டம் கிட்டத்தட்ட அதேதான், மீட்டர்ல பெருசா வித்தியாசம் வராது. ஆனா அந்தப் பதினஞ்சு மில்லி ரப்பர்தான் திருச்சி ரோட்டுக் குழிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல நிக்கற பஞ்சாயத்து. அது கொறஞ்சா அடி நேரா அலாய்க்கு. இன்சூரன்சுக்காரன்கிட்டச் சொல்லிட்டு மாட்டச் சொல்லு. நாளைக்கு மோதிட்டு வந்து நின்னா இதையும் ஒரு சாக்காச் சொல்லுவான்.

இப்ப வெல. இங்கதான் நீ கோவிச்சுக்குவே. அடக்கம் ஒரு லட்சம்னு வெய்யி, நீ வாங்குனப்ப ஜிஎஸ்டி 28, பில்லு 1,28,000. 2025 செப்டம்பர் 22ல இருந்து வண்டிச் சாமானுக்கெல்லாம் 18 ஆக்கிப்போட்டாங்க. அதே சக்கரம் அதே அடக்கத்துக்குக் கடையில இன்னைக்கு 1,18,000. கட்டலுக்கு அடியில படுத்தே பத்தாயிரம் போச்சு. கடையில போனா அவனுக்கு வாரண்டி, ஏசி, ஒரு காப்பி. உன்றகிட்ட வந்தா எலி அறுத்த பெட்டி. 1,18,000ல இருந்து எறங்கி வா, ஏறி வராதே. 'வாங்கிய வெல'ங்கறது உனக்கும் உன்ற அய்யனுக்கும் நடுவுல இருக்கற சண்டை, அதுல வாங்கறவனை ஏன் இழுக்கறே?

கப்பல் ஏறாத ஆர்டரைக் காதர்பேட்டையில கிலோக் கணக்குல தள்ளி வுடறப்ப உன்ற அய்யன் என்னைக்காச்சும் 'மனசே இல்லாம'ன்னு போர்டு வெச்சிருக்கறானா? பீஸ் எத்தனை, சைஸ் என்ன, கறை இருக்குதா, அவ்வளவுதான்.

அப்பறம், பேரம் கெடையாதுன்னு எழுதாதே. பேரம் இல்லாத சாமானத்தை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். சந்தையில துண்டுக்கடியில வெரலைப் புடிச்சுப் பேசினதே எதுக்கு? பக்கத்துல நிக்கறவனுக்கு வெல தெரியக் கூடாது, தோத்தவனுக்கு வெக்கமும் வரக் கூடாது. நீ எல்லாரும் பாக்க வெலயைப் போட்டு அதுக்குக் கீழ கோடும் போட்டு வெச்சிருக்கே. பத்து நாளு கழிச்சு எறக்கினா ஊருக்கே தெரியும், அடுத்தவன் இன்னும் பத்து நாளு காத்திருப்பான்.

நாலையும் ஒட்டுக்கா வித்துரு. குழியில வுட்டு ஒடச்சுக்கிட்டவன் ஒருத்தன் வந்து, 'ஒண்ணு மட்டும் குடுங்ண்ணா, ரெண்டு மடங்கு தர்றேன்'னு கெஞ்சுவான். குடுத்தயின்னா மீதி மூணை என்ன பண்ணுவே? ஆட்டோவுக்கா மாட்டுவே? அப்பறம் பழைய இரும்புக் கடைக்காரன் அலுமினியம்னு தராசுல வெப்பான், அவன் ஈடியும் பாக்க மாட்டான், பிசிடியும் பாக்க மாட்டான்.

வெளியூருக்கு அனுப்பறதா இருந்தா ரெண்டு ரெண்டாச் சேத்து, மூஞ்சிக்கு மூஞ்சி, நடுவுல வேஸ்ட்டுத் துணியை நெறையாத் திணி. நம்மூர்ல அதுக்கா பஞ்சம். உன்ற மாமன் சாயப்பட்டறை குடோன்ல எடம் இருக்குதுன்னு அங்க கொண்டுபோயி அடுக்கிராதே. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் திங்கும். பெயிண்டுல ஒரு கீறல் கெடச்சாப் போதும், உள்ள பூந்துக்கும்.

போன்ல ஒருத்தன், 'மிலிட்டரியில இருக்கறேன் சார், பாக்காமலே வாங்கிக்கறேன், கியூஆர் கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் அடிங்க, பணம் வந்துரும்'னு பேசினா, சலாம் போட்டுட்டு வெச்சுரு. பின் நம்பர் அடிக்கறது பணம் குடுக்கறதுக்கு. வாங்கறதுக்கு எவனும் எதையும் அடிக்க வேண்டியதில்ல. நெசமா வேணுங்கறவன் டேப்பும் டார்ச்சும் எடுத்துட்டு நேர்ல வருவான், சக்கரத்தைக் கவுத்துப் போட்டுக் குனிஞ்சு பாப்பான், நொட்டை சொல்லுவான். நொட்டை சொல்றவன்தான் வாங்கப் போறவன்.

எப்படி இத்தனை தெரியுமுன்னு பாக்கறயா? மொறைக்காதே, சொல்றேன். அவிநாசிபாளையத்துல இருந்து ஒரு பையன், கருப்பு வெண்டோ வெச்சிருக்கறான். முந்தாநேத்து நீ கம்பெனிக்குப் போனதுக்கப்பறம் வந்தான். பெட்டியைத் தெறந்து, கவுத்துப் போட்டு, அரை நாளு பாத்தான். பிசிடி, ஈடி, உருண்டை, கூம்பு, முத்திரை எல்லாம் அவன் சொல்லிக் குடுத்ததுதான். வளையம் இருக்குதான்னு கேட்டான், இருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன், அதனாலதான் உன்ற தங்கச்சிகிட்ட வாங்கி வையின்னேன். ரெண்டாயிரம் அட்வான்ஸ் என்ற மடியில இருக்குது. சனிக்கெழம மறுக்கா வர்றான். வெலயை நீயும் அவனும் பேசிக்குங்க, நானு குறுக்க வர மாட்டேன். தரகு மட்டும் ரெண்டு பக்கமும் எனக்கு. அவன் பக்கத்துது வந்துருச்சு.